மன்சா: பெயரா, பட்டமா?

பதினான்காம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை ஆண்ட மூசாவை 'மன்னர் மன்சா மூசா' என்று எழுதுவது 'நடுசென்டர்' என்று சொல்வது போல. மன்சா என்றாலே மன்னர்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மண்டிங்கா மக்கள் தங்கள் ஆட்சியாளரை அழைக்கும் சொல் இது. 1352-53இல் மாலிக்குப் போன மொராக்கோப் பயணி இப்னு பதூதாவே, மன்சா என்பதற்குச் சுல்தான் என்று பொருள், சுலைமான் என்பதுதான் அன்று ஆண்ட அரசரின் பெயர் என்று பிரித்து எழுதிவைத்திருக்கிறார். அப்படியும் குழப்பம் தீரவில்லை.

சுமார் 1235இல் கிரினாப் போரில் சோசோ அரசன் சுமாங்குரு கந்தேயை வீழ்த்தி மாலிப் பேரரசை நிறுவியவர் சுந்தியாத்தா கெய்த்தா. அதன்பின் மன்சா பேரரசுப் பட்டமானது. அவர் பெயரையும் பிரித்துப் பார்க்கலாம்: தாய் சொகொலோன், ஜாத்தா என்றால் சிங்கம், சேர்ந்தால் 'சொகொலோனின் சிங்கம்'. அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் அவரை 'மாரி ஜாத்தா' என்கிறார். மாரி என்பதற்கு அரச வழியில் வந்த தலைவன் என்று அவரே பொருளும் தருகிறார். நம் மழைக்கும் அம்மனுக்கும் இதில் இடமில்லை.

மன்சா, மன்னன் இரண்டும் ஒலியில் நெருங்கிவருவதும் தற்செயலே. தமிழ்ச் சொல்லின் வேர் 'மன்', அதாவது நிலைபெறுதல். இரண்டையும் முடிச்சுப் போட்டு வேர்ச்சொல் காட்டினால் அது வெறும் ஊகம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஒரே சொல்லால் எல்லா இடத்தையும் நிரப்ப முடியாது. காம்பியா ஆற்றோரத்துச் சிற்றரசுகளின் தலைவர்களும் மன்சாக்கள்தான். அங்கே 'குறுநில மன்னர்' பொருந்தும். இன்றைய கினி-பிசாவு பகுதியில் இருந்த காபு அரசில் தலைமை அரசருக்கு 'மன்சாபா' என்று பெயர். 'பா' என்றால் பெரிய; ஆகவே 'பெருவேந்தர்' எனலாம். மாலியின் மன்சாவுக்கு 'பேரரசர்' அல்லது 'வேந்தர்'. 'சக்கரவர்த்தி' வேண்டாம், உலகாளும் சக்கரத்தின் கருத்தை அது தேவையில்லாமல் இழுத்துவரும்.

எழுதும்போது பட்டத்தைப் பெயருக்கு முன்னால் வைத்து 'மன்சா மூசா' என்றோ, தமிழாக்கி 'பேரரசர் மூசா' என்றோ எழுதுங்கள். இரண்டில் ஒன்று போதும். 'மான்சா' என்று நெடிலாக்கினால் பஞ்சாபில் உள்ள ஊராகிவிடும். ச-வை 'ச்ச' போல வாசித்துவிடுவார்கள் என்று தோன்றினால் 'மன்ஸா' என எழுதலாம், தவறில்லை.