தொழுவத்தில் ஓசோன்: தண்ணீருக்குச் சரி, காற்றுக்கு?

மாடுகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரை விரலால் தடவினால் வழவழவென்று ஒரு படலம் ஒட்டும். மாட்டின் எச்சில், தீவனத் துணுக்கு, பாசி, இவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்தது அது. நன்றாகக் கறக்கும் பசு ஒரு நாளைக்கு 100 லிட்டர்வரைகூடக் குடிக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. இதற்குத் தீர்வாகப் பண்ணையாளர்களிடம் சொல்லப்படும் வழிகளில் ஒன்று ஓசோன்.

மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்ததுதான் ஓசோன். மூன்றாவது அணுவுக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. பக்கத்தில் எது கிடைத்தாலும் அதோடு வினைபுரியும். மிஞ்சுவது சாதாரண ஆக்சிஜன். பாக்டீரியா கிடைத்தால் அதன் வெளிச்சுவரைச் சிதைக்கும். கன்றுகளுக்குக் கழிச்சல் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு லேசில் மசியாது. போதிய அளவும் நேரமும் கொடுத்தால் ஓசோனுக்கு மசியும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பை இது துருத்தூளாக்கிவிடும். அதனால் பின்னாலேயே ஒரு வடிகட்டி கட்டாயம் வேண்டும். உப்பையும் கடினத்தன்மையையும் ஓசோன் தொடாது.

தயாரிக்கும் முறை பழையது. ஜெர்மனியின் வெர்னர் வான் சீமென்ஸ் 1857-இல் செய்த கருவியின் அடிப்படைதான் இன்றும். கண்ணாடி போன்ற காப்புப் பொருள் வைத்த குறுகிய இடைவெளியில் உயர் மின்னழுத்தம் கொடுத்து, அதன் வழியே காற்றையோ ஆக்சிஜனையோ செலுத்துவார்கள். உள்ளே போகும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஓசோன் குறைந்து, நைட்ரிக் அமிலம் உருவாகிக் கருவியையே அரிக்கும். எப்போதும் ஈரம் நிற்கும் தொழுவத்தில், காற்றை உலர்த்தும் பகுதி இல்லாத மலிவான கருவி எத்தனை நாள் தாங்கும்?

பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதலே குடிநீரை ஓசோனால் சுத்தம் செய்தது. ஆனால் நகரத்து நீர்நிலையமும் மாட்டுத் தொட்டியும் ஒன்றல்ல. ஓசோன் தண்ணீரில் தங்காது. ஓரளவு சுத்தமான நீரிலேயே பாதி அளவு பல நேரம் அரை மணிக்குள் போய்விடும். அழுக்கு நீரில் இன்னும் வேகம். எச்சிலும் தீவனமும் மிதக்கும் தொட்டியில் நேரே விட்டால், கிருமியைத் தொடும் முன்பே அந்த அழுக்கில் தீர்ந்துபோகும். அதனால் முதலில் மூடிய தொட்டியில் சில நிமிடம் கலக்கவிட்டு, அப்புறம் குழாய்க்கு அனுப்புவதுதான் முறை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய கரிமப் பொருள்களை ஓசோன் சிறுசிறு துண்டுகளாக உடைக்கும். பாக்டீரியாவுக்கு அவை எளிதான சாப்பாடு. நீளமான குழாயின் கோடியில் படலம் மறுபடி வளர இதுவே வழிவிடலாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவும் வேலை போகவே போகாது.

கறவை இயந்திரத்தைக் கடைசியாக அலச ஓசோன் நீர் உதவும். பால் கொழுப்பை எடுக்க வெந்நீரும் காரக் கழுவியும்தான் வேண்டும். இயற்கை ரப்பர், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பாகங்களில் ஓசோன் வெடிப்பு விழச்செய்யும், சிலிக்கோன் தாங்கும். காம்பில் மாட்டும் குழலின் உள்ளே மெல்லிய கீறல் விழுந்தால், கிருமி ஒளிந்துகொள்ள அதுவே இடமாகிவிடும்.

காற்றுக்கு வருவோம். மாடு நிற்கும் தொழுவத்தில் ஓசோனைப் பரப்புவதை நான் ஏற்க மாட்டேன். வேலையிடங்களில் 8 மணி நேரத்துக்கு 0.1 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு ஓசோன்) என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. மிதக்கும் கிருமிகளைக் கொல்ல அதைவிடப் பல மடங்கு தேவை. அந்த அளவு கன்றின் நுரையீரலையும் கறப்பவரின் நுரையீரலையும் சேர்த்தே புண்ணாக்கும். மூக்கை நம்பவும் முடியாது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை பழகிவிடும். அம்மோனியா நெடி குறைய, சாணத்தையும் மூத்திரத்தையும் உடனுக்குடன் அள்ளிக் காற்றோட்டத்தைக் கூட்டுவதே பலன் தரும்.

காலியான கன்றுக் கொட்டிலைக் கழுவிக் காயவைத்து, மூடி, ஓசோன் விடுவது வேறு கதை. அப்போதும் அளவுமானி பாதுகாப்பான அளவைக் காட்டும்வரை காற்றாடவிட்ட பிறகுதான் ஆளோ கன்றோ உள்ளே போகலாம்.