டைமண்ட் ஹெட்: காற்று தூற்றிய மலை

ஹவாயின் ஹொனொலுலுவில், வைகீக்கி கடற்கரையை ஒட்டி நிற்கிறது டைமண்ட் ஹெட் என்ற பழைய எரிமலை. உள்ளூர் மக்களுக்கு அது லேஆஹி. 'ஆஹி' என்றால் சூரை மீன்; முகடு அந்த மீனின் நெற்றியைப் போல இருப்பதால் வந்த பெயர் என்பார்கள்.

மற்ற எரிமலைகளில் வெளியிலிருந்து ஏறிப்போய் உள்ளே எட்டிப் பார்ப்போம். இங்கே தலைகீழ். சுரங்கப்பாதை வழியாக வண்டி நேரே எரிமலை வாய்க்குள்ளேயே போய்விடும். நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது. உச்சிக்கு 1.3 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 170 மீட்டர். காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். வழியில் நிற்கும் முள்மரங்களை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? அது கியாவே, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அங்கேயும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

சரி, இந்தக் கிண்ணம் எப்படி வந்தது? ஏறக்குறைய 350 ஏக்கர் பரப்பு, ஆனால் சுற்றுச்சுவர் அவ்வளவு உயரமில்லை. மலை என்பதைவிடத் தாம்பாளம் என்றே சொல்லலாம்.

காரணம் தண்ணீர். ஹொனொலுலு இருக்கும் ஓவாஹு தீவின் கிழக்குப் பாதியைக் கட்டியெழுப்பிய கூலாவ் எரிமலை, பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் அடங்கிக் கிடந்தது. பிறகு அதன் ஓரங்களில் ஆங்காங்கே பாறைக்குழம்பு மீண்டும் மேலே வந்தது. அப்படி வந்த ஒரு கிளை, சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் தண்ணீரோடு மோதியது. காய்ந்த எண்ணெயில் சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்பது சமையல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். பூமிக்கடியில் அதற்கு ஏது இடம்? குழம்பு ஆறாக ஓடவில்லை. தூள் தூளாகச் சிதறியது. கடலடிப் பவளப்பாறையும் உடைந்து அதோடு சேர்ந்து பறந்தது. பக்கவாட்டில் வாரி இறைத்ததால் வாய் அகலமாயிற்று. விழுந்த சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து, நீர் ஊறி, இறுகிப் பாறையானது. அந்தச் சாம்பல்பாறையில்தான் இன்று நடக்கிறோம். அதில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் துண்டுகள் பழைய பவளம்.

எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் வேறு. கிண்ணத்தின் விளிம்பு ஒரே உயரமில்லை; தென்மேற்குப் பக்கம் மட்டும் தூக்கி நிற்கிறது. களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஹவாயில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசும். வெடிப்பின்போதும் அதுவே வீசி, சாம்பலை எதிர்த்திசையில் குவித்தது. எத்தனையோ லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடித்த காற்றின் திசை, 232 மீட்டர் உயரக் கல்லாக நிற்கிறது!

அப்புறம் பெயரில் இருக்கும் வைரம். ஒரு காலத்தில் இங்கே வந்த பிரிட்டிஷ் மாலுமிகள், பாறையில் மின்னிய படிகங்களை வைரம் என்று நம்பிவிட்டார்கள். பாறையிடுக்கில் கசிந்த நீர் விட்டுச்சென்ற கால்சைட் அது. வேதியியல்படி பார்த்தால் சுண்ணாம்புக்கல்தான். கத்தியால் கீறினாலே கோடு விழும். யாரும் கீறிப் பார்க்கவில்லை போலும்.

இது மறுபடி வெடிக்குமா? வெடிக்காது. இவ்வகைச் சாம்பல் கூம்புகள் ஒரே ஒரு முறை, குறுகிய காலம் வெடித்து ஓய்பவை. மேலே வந்த வழி குளிர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகொரு நாள் குழம்பு வந்தாலும் புது வழி தேடும். அதே தீவிலுள்ள ஹனௌமா விரிகுடாவும் இதே கூட்டத்தைச் சேர்ந்த வேறொரு கிண்ணம்தான். கடல் உள்ளே புகுந்துவிட்டது.

1908-இல் இந்தப் பாதையைப் போட்டது அமெரிக்க ராணுவம். கடற்கரைப் பீரங்கிகளுக்குக் குறி சொல்ல உயரமான இடம் வேண்டியிருந்தது. அதனால்தான் கடைசியில் நடந்து கடக்க இன்னொரு சுரங்கமும் 99 செங்குத்துப் படிகளும். அதில் மூச்சு வாங்கும்போது திட்ட வேண்டியது ராணுவத்தை மட்டுமல்ல, அத்தனை சாம்பலையும் அந்தப் பக்கமே கொண்டுவந்து கொட்டிய காற்றையும்தான்.