வெள்ளம் வந்தால் அம்மாவை எழுப்புவேன்

நான்காம் வகுப்புத் தேர்வில் நான் கேட்டிருந்த கேள்வி: ‘வெள்ளம் வந்தால் என்னென்ன முன்னேற்பாடு செய்வாய்?’ ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘குடம் எல்லாம் கழுவி வைப்பேன். அம்மாவை எழுப்புவேன்.’ குறுக்கே சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கத்துக்காரி. குடிக்கும் நீரை எங்கள் வீட்டில் ‘தண்ணி’ என்போம். வேலை பார்ப்பது அதே மாவட்டத்தின் விளவங்கோடு தாலுகாவில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளியில். அந்தக் கோட்டின் கனம் எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. புரிய வைத்தது பயிற்சி வகுப்பு அல்ல, எங்கள் வெள்ளிக்கிழமை வாசிப்பு.

நாங்கள் ஆறு பேர். பள்ளி விட்டதும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வாசிப்போம். அன்று கையில் இருந்தது கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா 1932-இல் குஜராத்தியில் எழுதிய ‘திவாஸ்வப்னா’. தமிழில் ‘பகல் கனவு’. அதில் வரும் லட்சுமிராம் என்ற ஆசிரியர் நான்காம் வகுப்பில் ஓராண்டு புதுமுறையில் கற்பித்துப் பார்க்க அனுமதி வாங்கி வருகிறார். முதல் நாள் பிள்ளைகளை அமைதியாக உட்காரச் சொல்லி ஒரு மௌன விளையாட்டு வைக்கிறார். வகுப்பு இரைச்சலாகிவிடுகிறது. அவர் போட்டு வந்த திட்டம் அன்றே கவிழ்கிறது.

அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்து முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வகுப்பில் கவிழ்ந்ததைச் சொல்லத் தொடங்கினோம். என் முறை வந்தபோது அந்த விடைத்தாளைச் சொன்னேன். களியக்காவிளைப் பக்கமிருந்து வரும் மூத்த ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். “எங்க வீட்டுல இப்பவும் வெள்ளம்னா குடிக்கதுதான், டீச்சர். அப்பன் ரப்பர் பால் வெட்டப் போன பொறவு விடியக்கால பைப்புல வெள்ளம் வரும். அம்மைய எழுப்பாம குடத்த யாரு நிறைப்பா? பய சரியாத்தான எழுதியிருக்கான்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மலையாளம் கலந்த இந்தத் தமிழ்தான் இங்குள்ள பிள்ளைகளின் தாய்மொழி. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் சிவப்புப் பேனா கையில் இருந்தபோது நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அவன் தாளைத் திரும்ப வாங்கி முழு மதிப்பெண் போட்டேன். “அப்போ நான் எழுதுனது தப்பில்லியா டீச்சர்?” என்று மட்டும் கேட்டான். அடுத்த பீரியடில் வகுப்பே வீட்டுச் சொற்களைச் சேர்க்கத் தொடங்கியது. மரச்சீனி, சக்கை, கொல்லாம்பழம், சாயா என்று சார்ட் தாள் நிரம்பியது. எதிர்ப்பக்கத்தில் பாடப்புத்தகச் சொற்கள். வெள்ளப்பெருக்கு என்ற சொல்லையும் அன்றுதான் உண்மையில் கற்பித்தேன். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது வீட்டில் பட்டதைப் பெரியவர்களிடம் கேட்டு வந்து சொன்னார்கள்.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களையும் பயிற்சிகளையும் நான் குறை சொல்லவில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சியில் கற்ற செயல்பாடுகளை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் கருத்தாளர் முன்னால் நின்று பேச, நூறு பேர் குறிப்பெடுக்கும் இடத்தில், ‘என் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை’ என்று யார் எழுந்து சொல்வார்? அதிலும் எங்கள் மாவட்டத்தில் அது இன்னும் கஷ்டம். 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் மாநிலத்தில் முதலிடம், ஏறத்தாழ 92 சதவீதம். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் தடுமாறும் பிள்ளையைப் பற்றி வாய் திறக்க அதுவே கூச்சமாகவும் ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு புத்தகம் இருந்தால் பேச்சு முதலில் லட்சுமிராமைப் பற்றித் தொடங்குகிறது. நம்மைப் பற்றியதாக அது மாறும்போது பயம் குறைந்திருக்கிறது.

புத்தகம் மட்டுமே வழியல்ல. ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்துப் பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். நூறாண்டுக்கும் மேலான வழக்கம். ஒருமுறை பின்னக் கணக்குக்கு அப்படிச் செய்தோம். நடத்தியவரை நாங்கள் பார்க்கவே கூடாது, ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை மட்டும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. கரும்பலகையில் எல்லாம் அழகாக நடந்துகொண்டிருந்தது. என் முன்னால் இருந்த சிறுமியோ 1/4 பெரியதா 1/3 பெரியதா என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். நாலு மூன்றைவிடப் பெரிதுதானே என்று தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் நடத்தியிருந்தால் அவளைக் கவனித்திருக்க மாட்டேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில. எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், சிலர் பேசாமலே போய்விடுவார்கள். வீட்டில் வாசித்து வரச் சொன்னால் யாராலும் முடியாது. எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, திருத்தல், வீட்டு வேலை எல்லாம் இருக்கின்றன. பத்துப் பக்கத்தை அங்கேயே மாறி மாறி வாசியுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு ஏற்ற நேரத்தில் முடியுங்கள், இல்லையென்றால் பெண் ஆசிரியர்கள்தான் முதலில் நின்றுபோவார்கள். தலைமையாசிரியர் வரலாம், எல்லோரையும் போல ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். அங்கே பேசிய ஒரு சொல்கூட ஸ்டாஃப் ரூமுக்குப் போகக் கூடாது. ஒருமுறை போனது. அதைக் கேள்விப்பட்ட ஒருவர் பிறகு இரண்டு மாதம் வரவில்லை.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இதற்குப் போட்டோவும் அறிக்கையும் கேட்காதீர்கள். கேட்டால் எல்லாப் பள்ளியிலும் நடந்ததாகப் பதிவாகும், எங்கும் நடக்காது.

முதல் நாளுக்குப் புத்தகம் கிடைக்கவில்லையா? நீங்கள் சிவப்புக் கோடு போட்ட ஒரு விடைத்தாளை எடுத்து வாருங்கள். கோட்டுக்கு அடியில் இருப்பதைச் சத்தமாக வாசித்துத் தொடங்கலாம்.