நிறம் வெளுக்கும்போதே கவனியுங்கள்

என் ஆல்டரேஷன் கடைக்கு வரும் ஜீன்ஸ்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போயிருக்கும். தொடையின் உள்பக்கம், கவட்டைத் தையலுக்குச் சற்றுக் கீழே. நடக்கையில் உரசுவது, பைக் சீட்டில் தேய்வது, வியர்வை எல்லாம் சேர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். "நேத்துதான்ணே கிழிஞ்சது" என்பார்கள். கிழிந்தது நேற்றுதான், சரி. தேய ஆரம்பித்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

ஜீன்ஸ் துணியான டெனிமில் நெடுக்காக ஓடும் பாவு நூலுக்குத்தான் நீலச் சாயம். குறுக்கே போகும் ஊடை வெள்ளை. பாவு மூன்று ஊடை நூலுக்கு மேலே ஓடி, ஒன்றுக்கு அடியில் நுழையும். அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகத் தெரிகிறது. உரசலையும் அந்த நீல நூலே வாங்கிக்கொள்கிறது. இண்டிகோ சாயம் நூலின் மேல்சுற்றோடு நின்றுவிடும், நடு வெள்ளையாகவே இருக்கும். ஆகவே தேயத் தேய முதலில் வெளுக்கும். அப்புறம் நீல நூல் அறும். கடைசியில் வெள்ளை நூல் மட்டும் ஏணிப்படி போலக் குறுக்கே நிற்கும். சிலர் அதைப் பிசிறு என்று நினைத்துக் கத்தரித்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், இழையோட்ட, அதாவது நூல் ஓட்டி ஓட்டையை அடைக்க, எனக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான்.

துவைத்து மடிக்கும்போது பேன்ட்டுக்குள் கையை விட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். விரல் நிழலாடினால் தைக்க அதுதான் நேரம்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். தேய்ந்த தொடைக்குப் புது டெனிமை ஒட்டாக வைத்து, கனமான ஆரஞ்சு நூலில் இறுக்கி அடித்துக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் பேன்ட் திரும்பி வந்தது. ஒட்டு அப்படியே இருந்தது, அதன் ஓரத்தைச் சுற்றித்தான் கிழிந்திருந்தது. நைந்த துணியில் பலமான ஒட்டு வைத்தால் இழுவை முழுக்க ஓரத்தில் போய் விழும். சூட்டில் ஒட்டும் ரெடிமேட் பேட்ச்சை இந்த இடத்துக்கு நான் பரிந்துரைக்காததும் இதனால்தான். பசை இறுகிவிடும்.

இப்போது செய்வது இதுதான். பழைய ஜீன்ஸின் துவைத்துச் சுருங்கி முடிந்த துணியை எடுக்கிறேன். தேய்ந்த இடத்தைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. பெரிதாக, மூலைகளை வளைத்து வெட்டி, பாவும் பாவும் ஒரே திசையில் வரும்படி உள்பக்கம் வைத்துக் கையால் நூலோட்டி நிறுத்துகிறேன். பிறகு நீல நூல் ஓடும் திசையிலேயே, 3 மி.மீ. இடைவெளியில் வரிவரியாகத் தைக்க வேண்டும். வரிகள் எல்லாம் ஒரே கோட்டில் முடியக்கூடாது, ஒன்று நீளமாக, அடுத்தது குட்டையாக முடியட்டும். மெஷினுக்கு 16ஆம் நம்பர் ஊசி, சாதாரண பாலியஸ்டர் நூல் போதும். வெளுத்த துணிக்குக் கருநீலத்தைவிடச் சாம்பல் கலந்த நீல நூல் நன்றாக மறையும். மெஷின் இல்லையென்றால் கையால் நெருக்கமாக இழையோட்டினாலும் நிற்கும். ஸ்ட்ரெச் ஜீன்ஸுக்கு ஒட்டுத்துணியும் ஸ்ட்ரெச்சாகவே இருக்கட்டும்.

வீட்டு மெஷினில் தடித்த தையல் மேட்டில் ஏறும்போது தையல் தப்பினால், ஊசியைக் குறை சொல்லுமுன் அட்டையை மடித்து, துணியை அழுத்தும் ஃபுட்டின் பின்பக்கம் அடியில் கொடுத்துச் சமமாக்குங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி அந்த மேட்டைத் தாண்டுங்கள்.

பெல்ட் லூப்பைப் பிடித்து பேன்ட்டை மேலே இழுக்கும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. லூப் பிய்வதோடு நிற்காது, அடித்துணியையும் கொண்டுபோகும். துணிக்குப் பின்னால் சின்ன ஒட்டு வைக்காமல் லூப்பை மறுபடி அடிப்பது வீண்வேலை. இழுவை விழும் இடத்துக்குத் தனிப் பலம் வேண்டும் என்பது ஜீன்ஸ் பிறந்த கதையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் இருந்த ஜேக்கப் டேவிஸ், நம்மைப் போல ஒரு தையல்காரர். வேலையாட்களின் பேன்ட்டில் பாக்கெட் மூலை பிய்யாமல் இருக்கச் செப்பு ரிவெட் அடித்தார். துணிவியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

எல்லா ஜீன்ஸையும் காப்பாற்ற முடியாது. ஓட்டைக்கு இரண்டு அங்குலம் தள்ளி, கட்டைவிரல்களால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அங்கேயும் நூல் விட்டால் தைக்கக் கொடுத்துக் காசை வீணாக்க வேண்டாம். கெண்டைக்கால் பக்கத் துணி மட்டும் தேயாமல் இருக்கும். அதை வெட்டி எடுத்து வையுங்கள், அடுத்த ஜீன்ஸுக்கு ஒட்டு ஆகும்.