ஸ்கேனர் தூசியை எப்படி அடையாளம் காண்கிறது?

ஒரு வாசகரின் கேள்வி: "கலர் நெகட்டிவை ஸ்கேன் செய்யும்போது தூசி நீக்கும் வசதியைப் போட்டால் படம் சுத்தமாக வருகிறது. அப்பா காலத்துக் கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அதையே போட்டால் முகமெல்லாம் கரைந்துபோகிறது. ஏன்?"

தூசி ஒளியை மறைக்கும். அதனால் நெகட்டிவில் இருக்கும் தூசி, படமாக மாற்றிய பிறகு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், ஸ்லைடில் கரும்புள்ளி. 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) ஒரு பிக்சல் ஃபிலிமில் சுமார் 10 மைக்ரான். 50 மைக்ரான் நார்த் துணுக்கு ஒன்று ஐந்து பிக்சலைத் தின்றுவிடும். அது தூசியா, மூக்குத்தியின் மினுக்கமா என்று படத்தை மட்டும் பார்த்து மென்பொருளால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இங்கேதான் அகச்சிவப்பு ஒளி வருகிறது. கலர் ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளி முழுவதும் நீக்கப்பட்டு, சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் இந்தச் சாயங்கள், அகச்சிவப்புக்கு ஏறக்குறைய கண்ணாடி மாதிரி. தூசியும் கீறலும் அப்படியல்ல. தூசி அகச்சிவப்பையும் மறைக்கிறது, கீறல் அதைச் சிதறடிக்கிறது. ஆகவே சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக ஒரு அகச்சிவப்புப் படமும் எடுத்தால், அதில் மணப்பெண்ணும் இல்லை, மாலையும் இல்லை. வெளிறிய தளத்தில் தூசியும் நாரும் கீறலும் மட்டும் கறுப்பாக நிற்கும். பழுதுகளுக்கென்றே தனியாக ஒரு வரைபடம்! ஃபிலிம் ஸ்கேனிங்கில் இதைவிட அழகான யோசனை வேறில்லை என்பேன்.

அந்த வரைபடத்தைப் பயன்படுத்தும் விதம் இன்னும் நுட்பமானது. ஓரிடத்தில் அகச்சிவப்பு 70 சதவீதம் வந்திருந்தால், மற்ற மூன்று ஒளிகளும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருக்கும். அவற்றை 0.7ஆல் வகுத்தால் தூசிக்கு அடியிலிருக்கும் உண்மையான விவரமே திரும்பக் கிடைக்கிறது. ஒளி கிட்டத்தட்ட முழுதும் மறைந்த இடத்தில்தான் பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. சயான் சாயம் அகச்சிவப்பையும் கொஞ்சம் உறிஞ்சுவதால், சிவப்புப் படத்தின் ஒரு பங்கை முதலில் கழித்துக்கொள்வார்கள். கோடாக்ரோம் ஸ்லைடில் இந்த உறிஞ்சல் அதிகம். அதில் இருண்ட பகுதிகள் குழம்புவது அதனால்தான்.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். கருப்பு வெள்ளைப் படம் என்பதே வெள்ளித் துகள்கள்தான். வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். ஸ்கேனரின் பார்வையில் அப்பாவின் தலைமுடி முழுக்கத் தூசி! இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி, கலர் ஃபிலிமுக்கான சி-41 முறையில் கழுவப்படும் கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி தங்காது; அதில் தாராளமாகப் போடலாம். மற்றவற்றில் வசதியை அணைத்துவிட்டு, படத் திருத்த மென்பொருளின் ஹீலிங் பிரஷ்ஷால் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வழி. பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்களை எண்மமாக்கும் திட்டங்களில் ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்கப்படும் அளவுக்கு, இந்தக் கைவேலை செய்பவரின் சம்பளத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எப்சன், நிக்கான் ஸ்கேனர்களில் இந்த வசதியின் பெயர் டிஜிட்டல் ஐஸ், கேனானில் ஃபேர், சில்வர்ஃபாஸ்ட் என்ற ஸ்கேன் மென்பொருளில் ஐஎஸ்ஆர்டி. வ்யூஸ்கேன் என்ற இன்னொரு மென்பொருளில் ஃபில்டர் பகுதியில் 'இன்ஃப்ராரெட் கிளீன்' இருக்கும். முதலில் ரப்பர் ப்ளோயரால் இரண்டு பக்கமும் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி எமல்ஷனில் (ஃபிலிமில் படம் பதிந்திருக்கும் பூச்சு) ஒட்டும். பிறகு 'லைட்' நிலையில் ஸ்கேன் செய்து 100 சதவீத அளவில் பாருங்கள். 'ஹெவி' போட்டால் புடவை ஜரிகையும் மெல்லிய முடியும் மழுங்கும். புள்ளி போன இடத்தில் மெல்லிய விளிம்பு தெரிந்தால், ஃபிலிம் சுருண்டிருக்கிறது, அல்லது அகச்சிவப்புப் படம் எடுக்கும்போது மேசை அசைந்திருக்கிறது. ஹோல்டரில் ஃபிலிமைத் தட்டையாகப் பொருத்தி மறுபடி ஓட்டுங்கள்.

ஜேபெக்காகச் சேமித்தால் அகச்சிவப்புப் படம் போய்விடும். பின்னால் திருத்த வழியில்லை. வ்யூஸ்கேனில் மூன்று நிறங்களோடு அகச்சிவப்பையும் சேர்த்து வைக்கும் 64 பிட் ஆர்ஜிபிஐ ரா கோப்பாக வைத்துக்கொண்டால், மறுபடி ஸ்கேன் செய்யாமலே 'லைட்', 'மீடியம்' என்று மாற்றிப் பார்க்கலாம். பூஞ்சை பிடித்த நெகட்டிவில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பூஞ்சை சாயத்தையே அரித்துவிட்ட இடத்தில், வகுத்து மீட்க அடியில் ஒன்றும் இருக்காது.