தண்ணீரைக் கூட்டினால் மருந்து குறையாது

காரைக்குடியில் மனநல மருத்துவம் பார்க்கும் எனக்கு, மருந்தைக் குறைப்பதாக எண்ணித் தண்ணீரைக் கூட்டும் ஒரே தவறு இந்த ஆண்டில் மூன்றாவது முறையாகக் கண்ணில் பட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன். தேவகோட்டைப் பக்கத்து ஊரைச் சேர்ந்த, எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர், கணவர் மறைந்த சமயத்தில் தூக்கத்துக்காக எழுதித் தரப்பட்ட குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை ஆறு ஆண்டுகளாக இரவுதோறும் விழுங்கி வந்தார். தூக்கத்துக்காக என்றால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குமேல் பொதுவாகத் தொடரக் கூடாத மருந்து இது. எப்போது நிறுத்துவது என்று சீட்டில் எழுதாமல் விடுவது எங்கள் தொழிலின் குற்றம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உடல் பழகிப்போன இந்த மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால், படிப்படியாகக் குறைப்பதற்காக அவருக்குத் திரவ மருந்து ஏற்பாடு செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மில்லி (மில்லிலிட்டர்) என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். ஆனால் வீட்டில் யாரோ, "குறைக்கத்தானே சொன்னாக, தண்ணியைக் கூட்டிக்கிட்டே போங்க" என்று சொல்லிவிட்டார்கள். முதலில் கால் டம்ளர் தண்ணீர், பிறகு அரை, பிறகு முழு டம்ளர் என்று ஏற்றிக்கொண்டே போனவர், உள்ளே ஊற்றிய மருந்தை மட்டும் அதே 5 மில்லியாகவே வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து வீடியோ அழைப்பில் அந்த டம்ளரைப் பார்த்த சிங்கப்பூர் மகன், "வெறும் தண்ணியைத்தானே குடிக்கிறீக ஆத்தா, நிப்பாட்டிருங்க" என்றார். அம்மாவும் நிறுத்தினார். ஐந்தாம் நாள் இரவு, கை நடுங்க, நெஞ்சு படபடக்க, ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் தூங்காமல் நடந்துகொண்டிருந்தவரை உறவினர்கள் அழைத்து வந்தார்கள். வலிப்பு வராமல் தப்பித்தது எங்கள் திறமையால் அல்ல.

ஓர் அச்சு வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்தாலும், ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து முழுவதையும் குடித்தாலும், வயிற்றுக்குள் போவது அதே ஓர் அச்சு வெல்லம்தான். இனிப்பு நாக்குக்குத்தான் குறைகிறது, வெல்லம் குறையவில்லை. டிகாக்‌ஷனில் எவ்வளவு பால் ஊற்றினாலும் டம்ளரைக் காலி செய்தால் டிகாக்‌ஷன் முழுவதும் உள்ளேதான் போகும் என்பது காபி போடத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மருந்து என்று வந்தவுடன் அந்தக் கணக்கு ஏன் மறந்துபோகிறது என்று எனக்கு விளங்கவில்லை. குறைய வேண்டியது மருந்தின் மில்லிகிராம். தண்ணீர் தொண்டையில் இறங்குவதற்கு மட்டுமே.

பிறகு திரவம் எதற்கு? மாத்திரையைப் பாதியாக உடைத்தால் ஒரே அடியில் ஐம்பது சதவீதம் குறைகிறது; கால் பாகமாக உடைக்கப் போனால் தூளாகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைப் பொதுவாகத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த ஆச்சிக்கு மருந்தாளுநர் தயாரித்துத் தந்த கலவையில் ஒரு மில்லிக்கு 0.1 மில்லிகிராம் மருந்து இருந்தது. ஆகவே 5 மில்லி என்பது பழைய மாத்திரைக்குச் சமம், 4.5 மில்லி என்பது பத்து சதவீதக் குறைப்பு. இது அவருக்குப் போட்ட கணக்கு. உங்கள் குப்பியின் அடர்த்தி வேறாக இருக்கலாம், எனவே இதைப் பார்த்து நீங்களாக அளந்துகொள்ளாதீர்கள். மில்லிலிட்டரையும் மில்லிகிராமையும் ஒன்றாக எண்ணி மாற்றிக் குடித்தால் மருந்து பல மடங்கு ஏறிவிடலாம், இறங்கியும் விடலாம்.

குப்பியை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படிந்துவிட்டால் மேலே உள்ளதில் குறைவாகவும், கடைசியில் மிச்சமிருப்பதில் கூடுதலாகவும் போகும். இதே காரணத்தால் மாத்திரையை வீட்டில் பொடித்துத் தண்ணீரில் கலக்குவதும் கூடாது. அது தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. ஊசியில்லாத அளவு சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். இந்த ஆச்சி பேரனுடைய வெள்ளிப் பாலாடையில் அளந்திருக்கிறார். பரம்பரைப் பாலாடைக்கு மதிப்பு இருக்கலாம், மில்லிக் கோடு இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் குப்பியைக் காய்ச்சல் சிரப்புக்குப் பக்கத்தில் வைப்பவர்களை நான் நிஜமாகவே திட்டுவேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிப்பது குறைப்பு ஆகாது. மதுவோடு இந்த மருந்து சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். இது மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்கும் மருந்து, புதிய சீட்டு இல்லாமல் தர முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அவரோடு சண்டை போடாதீர்கள். அவர் செய்வது சரி.

குறைக்கும்போது தூக்கம் சில நாள் கெடலாம். அப்போது அதே அளவில் நின்று கொள்ளலாம், அவசரம் ஒன்றுமில்லை. "பிள்ளையார் நோன்பு முடியட்டும் டாக்டர், வீடு நிறைய ஆள் இருக்கு" என்று கேட்பவர்களுக்கு நான் மறுத்ததே இல்லை. ஆனால் உடல் உதறல், குழப்பம், இல்லாத உருவம் தெரிவது, வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு வந்துவிடுங்கள், குப்பியையும் கையோடு எடுத்து வாருங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: நிறுத்தச் சொல்வதற்கு முன் மருந்து எழுதியவரை ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். ஆச்சி மறுபடியும் 5 மில்லியிலிருந்து தொடங்கி இப்போது 4 மில்லியில் இருக்கிறார்.