டீஃப்ராக் போட்டால் எவ்வளவு நேரம் ஓடும்?

"500 ஜிபி டிஸ்க். ஆறு மணிக்கு டீஃப்ராக் போட்டால் கடை சாத்துவதற்குள் முடிஞ்சிடுமா?" சேலம் செவ்வாய்பேட்டை, லீ பஜார் பக்கம் பில்லிங் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். டீஃப்ராக் என்பது டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கும் வேலை. அதற்கு ஜிபி கணக்கை மட்டும் வைத்து நேரம் சொல்ல முடியாது. ஃபைல்கள் எத்தனை துண்டாகச் சிதறியிருக்கின்றன, காலி இடம் எவ்வளவு, டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு எடுக்கும். ஹெட் (டிஸ்க்கைப் படித்து எழுதும் முனை) நகர்ந்து சரியான இடத்தில் நிற்க சுமார் 9, தேவையான பகுதி சுற்றி வர சராசரியாக அரைச் சுற்று, ஆக 13 மில்லி செகண்டு. ஒரு துண்டை இடம் மாற்ற ஒரு முறை படிக்க வேண்டும், ஒரு முறை எழுத வேண்டும், புது இடத்தை ஃபைல் பட்டியலில் குறிக்க வேண்டும். சுமாராக 40 மில்லி செகண்டு. 20,000 துண்டு என்றால் 13 நிமிடம். 4 லட்சம் துண்டு என்றால் நாலரை மணி நேரம். இரண்டும் அதே 500 ஜிபி டிஸ்க்தான். 5400 சுற்று லேப்டாப் டிஸ்க்காக இருந்தால் மூன்றில் ஒரு பங்காவது கூடும்.

காலி இடம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கும் நிற்காது. மண்டி குடோனில் மூட்டையை மாற்றி அடுக்க ஒரு மூலையாவது காலியாக இருக்க வேண்டும். கதவு வரை அடுக்கிவிட்டால் ஒரு மூட்டையை எடுக்க நாலு மூட்டையை நகர்த்தணும். விண்டோஸ் டீஃப்ராக் ஒழுங்காக வேலை செய்ய 15 சதவீத இடம் காலியாக இருப்பது நல்லது. 95 சதவீதம் நிரம்பிய டிஸ்க்கில் போட்டுவிட்டு விடிய விடியக் காத்திருப்பதைவிட, பழைய டவுன்லோடு, ரீசைக்கிள் பின், டெம்ப் ஃபைல்களை முதலில் காலி செய்யுங்கள்.

மாதாமாதம் ஓட்டி வரும் டிஸ்க்குக்கு இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும். வருடக்கணக்கில் தொடாமல் நிரம்பி வழிகிறது என்றால் ஒரு ராத்திரி முழுக்க ஒதுக்குங்கள். விண்டோஸ் இதை வாரம் ஒரு முறை தானாகவே செய்யும். ஆனால் ஒன்பது மணிக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிற கடைகளில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை. பகலில் பில் போடுகிற வேலை, ராத்திரி கரண்டு இல்லை.

தொடங்குமுன் ஸ்டார்ட்டில் டீஃப்ராக் என்று தேடித் திறந்து, மீடியா டைப் என்ற கட்டத்தைப் பாருங்கள். சாலிட் ஸ்டேட் டிரைவ் (எஸ்எஸ்டி) என்று இருந்தால் டீஃப்ராக் தேவையே இல்லை. எஸ்எஸ்டியில் நகரும் ஹெட் கிடையாது. வெளி சாஃப்ட்வேர் போட்டு ஓட்டினால் எழுதும் ஆயுள்தான் தேயும். ஹார்டு டிஸ்க் என்றால் அனலைஸ் கொடுங்கள். சிதறல் பத்து சதவீதத்துக்குக் கீழ் வந்தால் அவசரமில்லை.

ஓடும்போது 90 சதவீதம் போன எண் திரும்ப பூஜ்யத்துக்கு வரும். பயந்து நிறுத்தாதீர்கள். அது அடுத்த பாஸ், அதாவது அடுத்த சுற்று வேலை. ஐந்தாறு பாஸ் கூடப் போகும். ஒரே எண்ணில் ஒரு மணி நேரமாக அசையாமல், டிஸ்க் விளக்கு அணையாமல், உள்ளே டக் டக்கென்று சத்தம் வந்தால் அது வேறு சங்கதி. படிக்க முடியாத செக்டாரை (டிஸ்க்கின் சின்னப் பகுதியை) டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது. உடனே ஸ்டாப் கொடுத்துவிட்டு டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போன, கெடப்போகிற செக்டார்களின் கணக்கு அதில் இருக்கும். பூஜ்யம் இல்லாமல் எண் ஏறியிருந்தால், முதல் வேலை கணக்கு டேட்டாவை வேறு டிஸ்க்கில் காப்பி எடுப்பது. நோயாளி டிஸ்க்கில் டீஃப்ராக் போடுவது, மூச்சு வாங்குகிறவரை ஏற்காடு மலைப்பாதையில் ஓடச் சொல்வது மாதிரி.

நடுவில் கரண்டு போனால் ஃபைல் அழியுமா? விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் முதலில் புது இடத்தில் எழுதிவிட்டுத்தான் பட்டியலை மாற்றும், அதனால் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனாலும் 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும், நாலு மணி நேர வேலையைக் காக்காது. மாதாந்திர மின்தடை அறிவிப்பு வந்த நாளில் போடாதீர்கள். ஏற்காட்டில் இடி மழை மாலைகளில், மரக்கிளை லைனில் விழுகிற நேரத்தில், வேண்டவே வேண்டாம். (மலையில் காற்று மெலிந்திருப்பதால் டிஸ்க் கெடும் என்பது வீண் பயம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சாதாரண டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரை தாங்கும். அங்கே ஈரம்தான் எதிரி.) சேலத்தில் சித்திரை வெயிலுக்கு மத்தியானத்தில் ஓட்டாமல் ராத்திரியில் ஓட்டுங்கள். டிஸ்க் 55 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

இன்னொன்று, நீண்ட நேரம் ஓடும் டீஃப்ராக் பழைய ரீஸ்டோர் பாயிண்டுகளை (சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் சேமித்து வைப்பவை) துடைத்துவிடலாம். அதை நம்பியிருந்தால் முன்பே பேக்கப் எடுங்கள். முடிந்த பிறகு வேறு சாஃப்ட்வேர் பெரிய வீடியோ ஃபைல்களில் இன்னும் துண்டு இருக்கிறது என்று காட்டினால் மறுபடி ஓட்ட வேண்டாம். 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் வேண்டுமென்றேதான் விட்டுவைக்கிறது. அவற்றைச் சேர்த்து மிச்சமாகும் நேரம் கண்ணுக்கே தெரியாது.